வாசனைப் பாக்கு

எங்கள் குடும்பத்து ஆண்களில் கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவர் என்று அம்மா பெருமையாகச் சொன்னது தன் தம்பியைத்தான். மாமா சிகரெட்டைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் யாராவது பீர் டின்னை நீட்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டினார். தூக்கம் வராமலிருக்க நாள் முழுவதும் வாசனைப் பாக்கு மெல்லுவார், அவ்வளவுதான். புகையிலை கலக்காத பாக்கு என்பதால் அதை யாரும் பழக்கத்தில் சேர்க்கவில்லை. ஃபெர்ரி பிடித்து ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அவர் திரும்பும்போது என் உள்ளங்கையிலும் கொஞ்சம் கொட்டுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மிட்டாயைவிடப் பரவாயில்லை என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

அந்த வருடம் மாமா சாப்பிட வெகுநேரம் எடுக்கத் தொடங்கினார். கொஞ்சம் காரம் பட்டாலும் கண்ணில் நீர் வந்துவிடும். இட்லியைக் கிள்ளிக் கிள்ளி, சரியாகத் திறக்காத வாய்க்குள் தள்ளுவார். பிறகு கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்து, ஆறாமல் நின்றது.

புண் ஆறவில்லையே தவிர, அதற்கான காரணங்கள் தினமும் வந்துகொண்டிருந்தன. மைக்ரோவேவில் சூடாக்கிய உணவால்தான் வாயில் புற்றுநோய் வருகிறது என்று அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அன்றைக்கே அவர் எங்கள் மைக்ரோவேவைத் தோளில் சுமந்துபோய்க் கீழே குப்பைத் தொட்டியருகே வைத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எதிர்க் கட்டடத்தின் மேலிருந்த டெலிபோன் டவரைக் காட்டினார். சேர்ந்து சாப்பிட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்றாள் அப்பாவின் தங்கையான அத்தை. மாமாவின் தம்ளர் தனியாகப் போனது.

அம்மா எதையும் மறுக்கவில்லை. மறுக்க அவளுக்குத் தெம்பில்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து, எல்லாவற்றையும் அடுப்பில் மறுபடி சூடாக்கினாள். மாமாவுக்குக் காரமில்லாமல் ஒரு சட்டி, புண்ணுக்குத் தடவ மஞ்சள் குழைத்த எண்ணெய். இப்படியே மாதங்கள் போயின. வலியை மறக்க மாமா இன்னும் கொஞ்சம் பாக்குப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் அம்மா லீவு எடுத்து அவரை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். வீட்டில் ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போனாள். டாக்டர் எங்கள் ஆள், தமிழ் பேசும் இளம்பெண். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். மாமாவுக்கு ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. நானும் ஓரத்தில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். எனக்கு மூன்றும் போயின. ஏதோ ஜெயித்துவிட்டது போலிருந்தது.

சிகரெட் உண்டா, குடி உண்டா என்று டாக்டர் கேட்க, இரண்டுக்கும் அம்மாவே இல்லை என்றாள். பாக்குப் போடுவீர்களா என்று கேட்டபோதுதான் மாமா வாய் திறந்தார்.

"சும்மா பாக்குதான் லா டாக்டர். பொகையில எல்லாம் கெடையாது."

"பொகையில இல்லாட்டியும் பாக்கே போதும்ணே. உங்க வாய் இப்படி இறுகிப்போனதுக்கு அதுதான் காரணம். இந்தப் புண்ணுல கொஞ்சம் வெட்டி எடுத்து, கேன்சரான்னு டெஸ்ட் பண்ணணும். பாக்குப் போடுறத இன்னையோட விட்டுருங்க."

அம்மா மைக்ரோவேவைப் பற்றிக் கேட்டாள். டவரைப் பற்றியும் தம்ளரைப் பற்றியும் கேட்டாள். வெளியே கூட்டம் காத்திருந்தது. டாக்டரின் குரலிலும் களைப்பு. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மைக்ரோவேவால் வராது. டவரால் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. புகையிலை, குடி, பாக்கு, இவற்றால் வரும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம்.

மாமா சட்டைப்பையிலிருந்த பாக்குப் பொட்டலத்தை எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கெட்ட பழக்கமும் இல்லன்னுதானே இருந்தேன்க்கா," என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

டெஸ்டில் புற்றுநோய்தான் என்று தெரிந்தது. கன்னத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள், பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். மாமா பிழைத்துக்கொண்டார். லோரி வேலை போயிற்று, இப்போது ஓர் அடுக்குமாடியில் காவலாளி. பேச்சு குழறுவதால் வருகிறவர்கள் இரண்டு தடவை கேட்பார்கள். அவரும் இரண்டு தடவை சொல்வார்.

கிளினிக்கிலிருந்து திரும்பிய அன்று, செருப்பைக் கழற்றிய கையோடு அம்மா என்னை ஜன்னலோரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். கைப்பேசி வெளிச்சத்தை அடித்து, கன்னத்தை இழுத்து இழுத்து உள்ளே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படிப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஒழுங்காகப் பல் துலக்குகிறேனா என்று சோதிக்கிறாள் என்றே நினைத்தேன். அவளைச் சந்தோஷப்படுத்த, ஞாயிறுகளில் மட்டும் இரண்டு தடவை துலக்கிவிட்டுப் போய் நின்றேன்.