இரண்டு முடிச்சுத் தொப்பி

மலேசியாவில் பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாப்பம்மாவின் வாய்க்குத் தப்பிய ஆள் கிடையாது. எழுபத்தெட்டாம் வருஷம் அந்த வாய் தொப்பிகள் பக்கம் திரும்பியது.

காரணம் இருந்தது. சிறு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். தலைக்கு நிழலை மரங்களே பார்த்துக்கொண்டன. நிர்வாகம் ரப்பரைச் சாய்த்துச் எண்ணெய்க்குச் செம்பனைக் கன்று நட்டதும் குன்று மொட்டையாகிவிட்டது. களை கொத்தும்போது மயங்கி விழுந்தாள். வேலை வாங்கும் மண்டோர் பரஞ்சோதி தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

"இன்னொரு வாட்டி விழுந்தா வேற ஆளப் போட்டுருவேன்."

அவள் கைம்பெண். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

துண்டு கட்டிப் பார்த்தாள், முகம் வெந்தது. ஞாயிற்றுக்கிழமை மோரிஸ் கடைக்குப் போனாள். அவர் ரிப்பன் வைத்த வைக்கோல் தொப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். லேசாக அழுத்தினாள், விளிம்பு முறிந்தது.

"இதென்னண்ணே, கோழி அடை வைக்கவா?"

"வெள்ளக்காரி போடுறது லா, தங்கச்சி."

"அவ நாற்காலில சாஞ்சிருப்பா. நான் குனியணும்."

அடுத்து நீட்டிய துணித்தொப்பி கண்ணை மறைத்தது. "வண்டிக் குதிரையா நானு?"

"அப்போ மண்டோர் போட்டிருக்காரே, அந்த மாதிரி வேணுமா?"

பாப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தொப்பி அது. ஒரு மழையில் ஊறி அப்பளமாய் உப்பியிருந்தது. பரஞ்சோதிக்கு மட்டும் அது கிரீடம்.

வெளியே பாசார்ச் சந்தையில் கீரை விற்ற மலாய்க்கார அம்மாள் ஒருத்தி, நெல்வயலுக்குப் போடும் அகலமான ஓலைத்தொப்பியில் இருந்தாள். நிழல் தோள்வரை விழுந்தது. விற்கவும் சில வைத்திருந்தாள்.

"குவாட் கே, மக்சிக்?" உறுதியாக இருக்குமா அத்தை என்று மலாயில் கேட்டாள் பாப்பம்மா.

அந்த அம்மாள் கீரைக்குத் தெளிக்கும் தண்ணீரைத் தொப்பிமேல் கவிழ்த்தாள். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. வாங்கி வந்த பாப்பம்மா, குன்றுக் காற்றுக்குப் பயந்து பழைய சேலையைக் கிழித்து நாடா தைத்தாள். தாடைக்குக் கீழே இரண்டு முடிச்சு.

மறுநாள் குன்றே சிரித்தது. "அக்கா, நெல்லு நட வந்தியா?"

அப்போது தோட்டத்தின் இப்போதைய துரையின் ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. துரை வந்தால் ஆண்கள் தொப்பியை, பெண்கள் தலைத்துண்டை எடுத்துவிட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். அவன் போய்விட்டான், குனிந்த முதுகுகள் நிமிரவில்லை.

"கழட்டு, கழட்டு!" என்று ஓடி வந்தார் பரஞ்சோதி.

"ரெண்டு முடிச்சு, மண்டோரே. அவுத்துக் கட்டுறதுக்குள்ள விழுந்துருவேன். விழுந்தா வேற ஆளுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தொரை கேட்டா?"

"கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

ஜீப் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஏற்றிய கண்ணாடிக்குள் துரை செய்தித்தாள் படித்துக்கொண்டு போனார். தொப்பியை மல்லாத்தி வயிற்றில் அணைத்துக் குனிந்திருந்த பரஞ்சோதி, ஜீப் சக்கரம் வாரியடித்த செம்மண் அதில் நிறைந்ததைக் கவனிக்காமல் எடுத்து மாட்டினார். மண் மீசைவரை வழிந்தது.

"தொரை பாத்தாரா, மண்டோரே?"

அவர் தும்மினார். மண்ணைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார்.

அடுத்த ஞாயிறு, சிரித்தவர்கள் எல்லாரும் அந்த மக்சிக்கைத் தேடிப் போனார்கள். திங்கட்கிழமை அந்தப் புதுத் தொப்பி வரிசையைப் பாப்பம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"முடிச்சு ரெண்டாப் போடுங்கடி. ஒண்ணுன்னா, ஜீப்புச் சத்தம் கேட்டதும் உங்க கை தானா அவுத்துரும்."