அடுப்பு இல்லாத ஊரில் என் மகனுக்குக் கிடைத்த சோறு

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவரோடு நான் போட்ட சண்டையையும் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டால் இது முழுச் சாட்சி ஆகாது.

போன வருஷம் நடவு சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. கட்டட வேலைக்குப் போயிருந்த என் மகன் சாமுவேல் சாரத்திலிருந்து விழுந்ததில் தொடை எலும்பு உடைந்துவிட்டது. ஒரு ஆபரேஷன் முடிந்திருந்தது. இன்னொன்று செய்ய வேண்டும், ஆனால் உடம்பில் ரத்தம் இல்லை, நன்றாகச் சாப்பிட்டுத் தேறினால்தான் செய்ய முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிள்ளையோ சாப்பிடவே மாட்டேன் என்கிறான். கம்பெனிக்காரர்கள் டிக்கெட் போட்டு என்னை வரச்சொன்னார்கள்.

உத்திரமேரூரை விட்டால் காஞ்சிபுரம், அதற்கு மேல் ஊர் அறியாதவள் நான். முந்தின அறுப்பில் கூலியாக வந்த நெல்லை அரைத்து, அந்த அரிசியைப் பை நிறையச் சுமந்துகொண்டு போனேன். வீட்டுச் சோறு வடித்துப் போட்டால் பிள்ளை எழுந்துவிடுவான் என்று நினைப்பு.

போன பிறகுதான் தெரிந்தது, எனக்குக் கொடுத்த அறையில் அடுப்பு மூட்டக் கூடாதாம். அரிசி இருக்கிறது, பொங்க வழியில்லை. கடையில் ஒரு சாப்பாட்டின் விலையைக் கேட்டால் நம் ஊரில் ஒரு நாள் கூலி. அவனுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். அந்தப் பொட்டலத்தையும் அவன் தள்ளிவிட்டான்.

"வாயிலயே வைக்க முடியலம்மா. வவுத்தப் பெரட்டிக்கினு வருது."

"ரெண்டு வாயாவது துன்னுடா நைனா. நான் இன்னாடா பண்ணுவேன்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அடித்திருப்பேன். வெளியே வந்து சுவரோரம் நின்று ஜெபம் செய்தேன். ஜெபமா அது? "மலையைப் பெயர்க்கச் சொன்னேனா ஆண்டவரே? ஒரு அடுப்பு கேட்டேன். அதுகூடவா உம்மால் ஆகாது?" என்று கத்தினேன். மறுநாளும் ரொட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு ஒரு தமிழ்ச் சபைக்குப் போனேன். நம் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, ஞாயிறன்று காணிக்கையாகக் கொண்டுவருவோம் அல்லவா? நான்தான் உலையே வைக்கவில்லையே. ஆனாலும் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. 'பொங்க முடியாத அரிசி எனக்கு எதற்கு, நீரே வைத்துக்கொள்ளும்' என்று கடுப்போடு முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். காணிக்கைப் பை வந்ததும் அவிழ்த்துக் கொட்டிவிட்டேன்.

பை பிடித்திருந்தவர் திகைத்து நின்றார். பாதி அரிசி தரையில் சிதறியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அங்கே பணம் மட்டும்தான் போடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கூனிக்குறுகிக் கீழே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். ஒரு அம்மாவும் வந்து என்னோடு உட்கார்ந்து பொறுக்கினார்கள். பெயர் செல்வி.

"எங்க மாமியார் இருந்தவரைக்கும் பிடியரிசி எடுத்து வைப்பாங்க. அவங்களுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் பார்க்கிறேன். நல்ல அரிசியா இருக்கே, எங்க சமைக்கிறீங்க?"

அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டேன். "சமைக்கிறதுக்கு அடுப்பே இல்லங்க. எம் புள்ள துன்னாம கெடக்கறான்."

"எங்க வீட்டுல இருக்கே. நான் காலையில வேலைக்குப் போயிடுவேன். சாவி தர்றேன், நீங்க சமைங்க."

முன்பின் தெரியாத என்னிடம் சாவியைக் கொடுத்தார்கள். சந்தையில் கடை எடுக்கும் நேரத்தில் போனால் முருங்கைக்கீரையும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்டு ஈரல் வாங்கி மிளகு போட்டு வறுத்தேன். கீரை கடைந்தேன். சோற்றைக் குழைய வடித்தேன். செல்வி அம்மாவுக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தூக்குச்சட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மூடியைத் திறந்ததும் சாமுவேல் எழுந்து உட்கார முயன்றான். ஒரு வாய் ஊட்டினேன். மென்றான், விழுங்கினான். மறுபடி வாயைத் திறந்தான். ஆண்டவரைத் திட்டின அதே வாயால் ஸ்தோத்திரம் சொல்லத் தெரியாமல் உளறினேன்.

தினமும் அப்படித்தான் சமைத்தேன். ரத்தம் ஏறியது, இரண்டாவது ஆபரேஷனும் நடந்தது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான்.

இங்கே எங்கள் தெருவில் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அறையிலும் சமைக்க விடமாட்டார்கள். சாயங்காலம் எங்கள் வீட்டில் வந்து சமைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் ஊற்றுகிற கடுகு எண்ணெய் வாசனை எனக்கு ஆகவே ஆகாது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அன்பானவர்களே, அழகாக ஜெபிக்க வரவில்லையே என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள். என் பிள்ளை அந்த முதல் நாள் தூக்கை வழித்துத் தின்றுவிட்டு என்னைப் பார்த்து, "நீ துன்னியாம்மா?" என்று கேட்டான். நான் அந்த ஊருக்குப் போனதிலிருந்து அவன் என்னிடம் அப்படிக் கேட்டது அன்றுதான்.