உப்புத் தண்ணீரில் வளர்ந்த பருப்புக்கீரை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பங்குனிக் கடைசியில் அப்பாவின் இரண்டு கால்களும் வீங்கின. படி ஏறினால் மூச்சு வாங்கியது.

2. இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் தேங்குகிறது என்றார் மருத்துவர். நீர் இறங்க மாத்திரை கொடுத்தார். உப்பை முடிந்தவரை நிறுத்தச் சொன்னார்.

3. தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வைக்கச் சொன்னார். இரண்டு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை அல்ல, நீர். உடனே வர வேண்டும்.

4. உப்பில்லாத சோற்றை அப்பா ஒதுக்கினார். பச்சையாகவே கொஞ்சம் ருசி உள்ளதைக் கொடுங்கள், லெட்யூஸ் சாலட் மாதிரி, என்றார் மருத்துவமனையின் உணவு ஆலோசகர்.

5. மொட்டை மாடியில் லெட்யூஸ் விதைத்தேன். ஐந்தாவது வாரம் வெயிலில் தண்டு நீண்டு பூக்கப் போனது. இலை கசந்தது.

6. அதற்குப் பதிலாக நம் கீரைகளை வளர்த்தேன். அதில் ஒன்றை அப்பா விரும்பிச் சாப்பிட்டார்.

7. எடை ஏறியது.

ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அது எனக்குத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப்பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். அப்பா முப்பது வருடம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அம்மா இன்னும், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் பீஸ் செக்கிங் வேலைக்குப் போகிறார். நாங்கள் இருப்பது வாடகை வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரம்மா. மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ள அவர்தான் அனுமதி கொடுத்தார், தண்ணீர் அவர் வீட்டுக்குள் ஒழுகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

பதினைந்து வளர்ப்புப் பைகள் வாங்கினேன். உடுமலைப்பேட்டையிலிருந்து தென்னை நார்க் கட்டிகள் வரவழைத்தேன். தென்னை நாரில் உப்பு இருக்கும், அலசாமல் போடக் கூடாது என்று படித்திருந்ததால் மூன்று முறை அலசினேன். நிழலுக்கு, கறை பட்டு ஒதுக்கிய பனியன் துணியை நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டினேன். ஒவ்வொரு பைக்கும் ஒரு எண். நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம்.

எங்கள் வீட்டில் கீரையை யாரும் பச்சையாகத் தின்றதில்லை. கீரை என்றால் கடைய வேண்டும், இல்லையென்றால் பொரிக்க வேண்டும். முளைக்கீரையின் இளம் இலையையும் வெள்ளரிக்காயையும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து முதல் தட்டை வைத்தபோது அப்பா அதை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏஞ்சாமி, கழுத்துல ஒரு மணியும் கட்டி உட்டுரு. மேஞ்சுட்டு வாரேன்."

"கட்டு கண்ணு, கட்டு," என்றார் அம்மா. "மணி கட்டுனா டீக்கடைக்குப் போறது காதுலயாச்சும் கேக்கும்."

அப்பாவுக்குச் சாயங்காலம் டீக்கடையில் பஜ்ஜி தின்னும் பழக்கம் இருந்தது. காய்ச்சல் என்றாலும் விடமாட்டார். உடம்புக்கு வந்த பிறகு விட்டுவிட்டார். விட்டுவிட்டதாகச் சொன்னார்.

லெட்யூஸ் இருந்த இடத்துக்கு எனக்கு வேண்டியது காரமோ கசப்போ இல்லாத, மென்மையான ஓர் இலை. ஒவ்வொன்றாக முயன்றேன். முளைக்கீரையை மூன்று வாரத்திலேயே வெட்டினால் நல்ல மென்மை, வாசனை இல்லை. ஆனால் ஓரங்கள் கருகி, பாதிதான் தேறியது. கொடிப்பசலையின் குருத்து இலை சதைப்பற்றாக இருந்தது. அப்பா இரண்டு வாய் மென்றுவிட்டு, "வெளக்கெண்ணெய தடவி வெச்சியா?" என்றார்.

பருப்புக்கீரையை நான் விதைக்கவே இல்லை. கடைவதற்கு வாங்கிய கீரைக்கட்டில் மிஞ்சிய தண்டுகளை ஒன்பதாம் எண் பையில் சொருகி வைத்தேன். மற்றவை வாடிய வெயிலில் அது மட்டும் படர்ந்தது. இலைகள் சட்டைப் பொத்தான் அளவில், தடித்து, மடித்தால் சட்டென்று உடைந்தன. அப்பா அதை மென்று பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது ருசியா இருக்குதே."

மறுநாள் இன்னொரு தட்டு கேட்டார். அவர் உணவு கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா அடுப்பு வேலை இருப்பதுபோல் உள்ளே போய் நின்றுகொண்டார். நானும் ஓர் இலையைத் தின்று பார்த்து, ஒன்பதாம் பக்கத்தில் எழுதினேன்: மென்மை. லேசான புளிப்பு. உப்புச் சேர்க்காமலே உப்புச் சுவை. நன்று.

ஆறு பைகளில் பருப்புக்கீரை ஆனது. மதியம் ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு.

ஆவணியில் எடை ஏறத் தொடங்கியது. முதல் நாள் அறுநூறு கிராம். மறுநாள் இன்னும் எழுநூறு. உடனே வர வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் காரணம் தெரியும் என்று நாங்கள் நினைத்தோம்.

"ஏனுங்க, மறுக்கா பஜ்ஜி தின்னீங்களா?" என்றார் அம்மா.

"நானெங்க போறேன்? படி எறங்குனா மூச்சு வாங்குது."

"நாங்க வேலைக்குப் போன பொறவு யாரு கண்டா?"

இரண்டு நாள் இப்படியே போனது. வீட்டில் ஊறுகாய்ப் பாட்டிலை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். கொடியில் தொங்கிய அப்பாவின் சட்டையை எடுத்து, பாக்கெட்டில் எண்ணெய்க் காகிதம் இருக்கிறதா என்று பார்த்தேன். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியின் ஒரு துண்டு மட்டும் இருந்தது. திரும்பினால் கட்டிலில் அப்பா விழித்துக்கொண்டிருந்தார்.

"பேண்ட் பாக்கெட்டயும் பாத்துரு சாமி," என்றார். குரலில் கோபம் இல்லை.

நான் அதையும் பார்த்தேன். அதுதான் இப்போது எழுதக் கடினமாக இருக்கும் வரி. பார்த்தேன், ஒன்றும் இல்லை, அப்படியும் நம்பவில்லை.

ஐந்தாம் நாள் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நுரையீரலிலும் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு நீரை இறக்க மூன்று நாள் ஆனது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என் கையில இருந்திருக்காது," என்றார் மருத்துவர். அவர் எடை நோட்டைப் புரட்டியபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா நாள் எடையும் அதில் என் கையெழுத்தில் சரியாக இருந்தது.

அப்பா மருத்துவமனையில் இருந்த நாட்களில் கீரை பறிக்க ஆளில்லை. பைகளை மீறித் தொங்கியது. கீழே வீட்டுக்காரம்மாவிடம் பறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அப்பா வீடு திரும்பிய அன்று அவர் படியில் என்னை நிறுத்தினார்.

"அம்முணி, உன்ற கீரய நேத்துக் கடஞ்சேன். உப்புப் போட மறந்துட்டன். அப்படியும் கரிக்குது! நீ வளக்கறப்பவே உப்புப் போட்டு வளத்தறயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அங்கேயே நின்றேன். கரிக்குது.

எங்கள் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணி, எட்டு நாளைக்கு ஒரு முறை வரும்; குடிக்க, சமைக்க. இன்னொன்று போர் தண்ணீர். அதற்குப் பெயர் உப்புத் தண்ணி. உப்புத் தண்ணியில் குளிக்கிறோம், துவைக்கிறோம், செடிக்கு ஊற்றுகிறோம். பிறந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரில் உப்பு என்றொரு சொல் இருப்பதே என் காதில் விழாமல் போயிருந்தது. பட்டறையில் தினமும் என் முதல் வேலை தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்ப்பதுதான். அது மாறினால் சாயம் மாறும். வீட்டுத் தண்ணீரை ஒருநாளும் பார்த்ததில்லை. தென்னை நாரின் உப்பு போக மூன்று முறை அலசியதும் அதே தண்ணீரில்தான்.

மறுநாள் ஒன்பதாம் பையின் கீரையைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அரைத்து, வடிகட்டி, காய்ச்சி வடித்த நீர் கலந்து நீர்க்கச் செய்து, உப்புக்கான சொட்டுச் சோதனை செய்தேன். குடுவையில் மஞ்சள் நிறம் செங்கல் நிறமாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். எண்ணிக்கொண்டே இருந்தேன். சந்தையில் வாங்கிய பருப்புக்கீரைக்கும் அதையே செய்தேன். அது சீக்கிரம் மாறிவிட்டது.

உப்பான மண்ணிலும் பருப்புக்கீரை தாக்குப்பிடிக்கும், உப்பை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்று அதன் பிறகுதான் படித்தேன். முளைக்கீரையைக் கருக்கிய அதே தண்ணீரில் இது கொழுத்ததற்குக் காரணம் அதுதான். மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது. மாத்திரையும் போதாமத்தான் இருந்துச்சு. கீரையை நிறுத்துங்க, அப்புறம் பார்ப்போம்," என்றார். அவர் சொன்னதில் எனக்குச் சாதகமான பாதியை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அப்பாவிடம் சாயங்காலம் சொன்னேன். "அப்பா, நீங்க டீக்கடைக்குப் போகலீங்க. நான் வெச்ச கீரதானுங்க."

"போகலன்னு நாந்தான் அப்பவே சொன்னனே."

"ஆமாங்கப்பா. நாந்தான் நம்பல."

அவர் குனிந்து கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். "அப்ப அந்தக் கீர இனிமேட்டு இல்லயா?"

"நல்ல தண்ணீல வளத்தித் தாரேனுங்க."

"அது வேற கீரயால்ல இருக்கும்," என்றார்.

இப்போதைய நிலை இது. ஆறு பைகளின் நாரையும் கொட்டிவிட்டு மண் மாற்றியிருக்கிறேன். நல்ல தண்ணி வரும் நாளில் நான்கு குடம் செடிகளுக்கென்று தனியாக மூடி வைக்கிறோம்; மழை பெய்தால் மாடித் தண்ணீரைப் பிடிக்கிறோம். அந்தத் தண்ணீரில் முளைக்கீரையின் ஓரம் கருகுவதில்லை. பறிக்கும் ஒவ்வொரு கீரையையும் பட்டறையில் ஒரு முறை சோதித்த பிறகுதான் தட்டில் வைக்கிறேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஒரு கைப்பிடி போதும் என்று மருத்துவர் அளவு சொல்லியிருக்கிறார். அப்பா அதைச் சாப்பிடுகிறார். ருசி இல்லை என்று தினமும் சொல்கிறார். அம்மா ஊறுகாய்ப் பாட்டிலைப் பீரோவிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். இன்று காலை எடை அறுபத்தொரு கிலோ நானூறு. ஒன்பது நாளாக மாறவில்லை. கால்களில் வீக்கம் இல்லை. அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டே போடுகிறார்.