சக்கரத்துக்கு ஒரு கட்டை

என் மாமனார் பஸ் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் பிரேக் வேலை பார்த்தவர். எந்த வண்டி நின்றாலும் டயருக்கு அடியில் ஒரு கல் வைக்காவிட்டால் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. பணிமனையில் ஒருமுறை பஸ் தானாக உருண்டு கூட்டாளியின் காலை நசுக்கியிருந்தது. உறவுக்காரர்கள் அதையெல்லாம் மறந்துவிட்டு, ‘கல்லு மாமா’ என்று பெயர் மட்டும் வைத்தார்கள்.

நான்கு நாள் கார் பயணத்தில், வழியில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். பழைய தபால் நிலையம், அச்சுக்கூடம், வீடுகள் என்று பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு சரிவில் நிறுத்தியிருந்தார்கள். மனைவி அச்சுக்கூடத்துக்குள் போய்விட்டாள். மகள் எங்கேயோ ஓடிவிட்டாள். மாமா மட்டும் எங்கள் கார் பக்கத்தில் குனிந்து கல் தேடிக்கொண்டிருந்தார். பெருக்கித் துடைத்த இடம், ஒரு பொடிக்கல்கூட இல்லை.

“ஹேண்ட்பிரேக் போட்டாச்சு மாமா, வாங்க.”

“கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்சிக்கு நின்ற பழைய பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் ஒரு மரக்கட்டை தெரிந்தது. அதுவும் சும்மா அழகுக்குத்தான் என்று நினைத்து, காலால் தட்டி எடுத்துவந்து நீட்டினேன்.

“இந்தாங்க, உங்க சாமி.”

அவர் கட்டையைத் திருப்பினார். டயர் அழுத்திய பள்ளம் பளிச்சென்று தெரிந்தது.

“எங்கேருந்து எடுத்தீங்க?”

கை காட்டினேன். அந்த பஸ்ஸில், டிரைவர் சீட்டில், என் எட்டு வயது மகள் உட்கார்ந்து ஏதோ ஒரு கம்பியை இழுத்துக்கொண்டிருந்தாள். ‘டக்’ என்று பிரேக் விடுபடும் சத்தம். பஸ் நகர்ந்தது. கீழே குளம்.

எழுபது வயது மனிதர் ஓடினார். அவர் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டார், அது வழுக்கி விலகியது. மறுபடி எடுத்து, தரையில் விழுந்தபடியே திணித்தார். பஸ் அதன்மேல் பாதி ஏறி, குலுங்கி நின்றது. குளத்துக்கு நாலடிதான் பாக்கி.

“தாத்தா, இன்னொரு தடவை!” என்றாள் மகள்.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். “நான் போகும்போது சக்கரத்தடியில கட்டை இருந்துச்சே, யாரு எடுத்தது?”

“நாந்தாம்மா,” என்றார் மாமா. “நம்ம காருக்கு வைக்கலாம்னு.”

நான் மகளை இறக்கிவிடும் சாக்கில் நகர்ந்தேன்.

காரில் அவள் அவரை விடவில்லை. “வயசானா புத்தி கெட்டுப்போகுமாப்பா?” அவர் சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வண்டி ஓட்டினேன். என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த பெட்ரோல் பங்கில் முதல் ஆளாக இறங்கினேன். ஒரு கல்லைத் தேடி டயருக்கு அடியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

“எடுத்தது மாமா இல்ல. நான்.”

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். மாமா இறங்கி வந்து, கல்லைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க மாப்பிள்ளை.”