அப்பா வந்து வெட்டுவார்

அவனுக்கு வாய் நீளம். சலூனில் கத்தரியைப் பிடித்தபடி ஊர்க்கதை அளப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் கடை வாசலை மறித்து வண்டி நிறுத்தியவனோடு வாய்த்தகராறு முற்றி, பிடித்துத் தள்ளிவிட்டான். விழுந்தவன் படியில் மண்டை மோதி எழுந்திருக்கவே இல்லை. ஒரே ஒரு தள்ளுதான். இரண்டு குடும்பம் நாசம்.

சிறையிலும் முடி வெட்டும் வேலையைத்தான் கொடுத்தார்கள். கத்தரியைச் சங்கிலி போட்டு மேசையோடு பிணைத்திருப்பார்கள். சங்கிலி எட்டுகிற தூரத்துக்குத் தலையை நீட்டச் சொல்லி வெட்டுவான்.

மகனுக்குப் பிறந்ததிலிருந்து முடி வெட்டியது அவன்தான். பின்னந்தலையில் இரட்டைச் சுழி. கொஞ்சம் அசந்தாலும் முடி முள்ளாக நட்டுக்கொள்ளும். கைதான புதிதில், சீக்கிரம் ஜாமீன் கிடைத்துவிடும் என்று வக்கீல் சொன்னதை நம்பி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பையனிடம் போனில் ஜம்பமாகச் சொன்னான். "எவனையும் உன் தலையில கை வைக்க விடாத. அப்பா வந்து வெட்டுறேன்." வாய் சும்மா இருந்தால்தானே.

பையன் பிடித்த பிடியில் நின்றான். முடி காதை மறைத்துக் கழுத்தில் இறங்கியது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள், வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். தூங்கும்போது வெட்டிவிடலாம் என்று போன அம்மாவின் கையைக் கடித்து வைத்தான். பார்க்க வரும்போதெல்லாம் அந்தப் பரட்டைத் தலையைக் கண்டு அப்பனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தன் இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை என்று நினைத்துக்கொள்வான். பிள்ளை படுகிற பாடு தெரிந்தேதான் சந்தோஷப்பட்டான், பாவி.

ஜாமீன் கிடைக்கவே இல்லை. பிறகு தண்டனை விழுந்து, மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. இனி பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகுதான் வெளியே வர முடியும். முடி வெட்டாமல் வரவேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டான் என்று மனைவி போனைப் பையன் கையில் கொடுத்தாள்.

"கடையில போய் வெட்டிக்கடா, கண்ணு."

பையன் அழவில்லை. "அப்ப நீ வரமாட்டியாப்பா?" என்றான்.

நாளெல்லாம் பேசித் தீர்ப்பவன் ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து தோளைத் தட்டினார்.

அடுத்த தடவை பையன் ஒட்ட வெட்டிய தலையோடு வந்தான். திரும்பிக் காட்டச் சொன்னான் அப்பன். பையன் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றான். அப்பன் கண்ணாடியில் நெற்றி முட்டக் குறை தேடினான். சுழி இரண்டும் படிந்திருந்தன. காதோரம் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

"நல்லாதான் வெட்டியிருக்கான்" என்றான். மனைவி அதைப் பையனிடம் சொன்னாள். அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு, "போலாமாம்மா?" என்று கேட்டது ரிசீவர் வழியே இவனுக்கும் கேட்டது.