அப்பாவின் மஞ்சள் அட்டை

மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்ட் எண்ணெய் வாசம்...

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்பா தெருமுனையில் வரும்போதே அந்த வாசம் எனக்கு வந்துவிடும். உடனே என் பையைத் திரும்பிப் பார்ப்பேன். அட்டை தொங்குகிறதா?

அப்பாவுக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி வேலை. சரிசெய்யக்கூடிய பீஸுக்கு மஞ்சள் அட்டை, ரீவொர்க். தேறாததற்குச் சிவப்பு அட்டை, ரிஜெக்ட். அந்த மஞ்சள் அட்டையில் நாலைந்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார் மனுஷன்!

பைபிள் வசனம் பாதியில் மறந்தால் என் ஸ்கூல் பையில் மஞ்சள். கையெழுத்து கோணினால் மஞ்சள். பொய் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

"ஆண்டவரோட புள்ள சுமாரா இருக்கலாமா பாப்பா?"

அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். சரிசெய்ததும் அவரே கழற்றிவிடுவார். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழாவது படிக்கும்போது ஒரு ஞாயிறு, அப்பா சர்ச் ஆராதனைக்கு வராமல் கம்பெனிக்கு ஓவர்டைம், ஓ.டி. பார்க்கப் போய்விட்டார். மறுநாள் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"இன்னா பிரதர், நேத்து ஆளையே காணோம்?"

"ஒரே காய்ச்சல் பாஸ்டர்... எழுந்துக்கவே முடியல."

என் கண் முன்னாலேயே சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் கோபம்... அவ்வளவு கோபம்! ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் முழுக்கத் தீட்டி, 'ரிஜெக்ட்' என்று எழுதி, அவருடைய சாப்பாட்டுப் பையில் கட்டிவிட்டேன்.

வேலைக்குப் போய் அவர் திரும்பியபோது பையில் அட்டை இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம். வேலை கிடைத்தது, வியாதி குணமானது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அப்பா எழுந்தார்.

"போன வாரம் எனக்குக் காய்ச்சல் இல்ல. ஓ.டி.க்குப் போனேன். பாஸ்டர்கிட்ட பொய் சொன்னேன். எம் பொண்ணு பாத்துகினு இருந்தா."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையை என் கையில் கொடுத்தார்.

"செவப்பு வாணாம் பாப்பா. அப்பாவுக்கும் மஞ்சளே போடு. சரியாயிடுவேன்."

அவர் மேல் விழுந்து அழுதேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது... நிஜமான சிவப்பு அட்டையை ஒரு நாளும் அவர் எங்கள் வீட்டுக்குள் கொண்டு வந்ததில்லை.

இப்போது நான் மறைமலை நகரில். என் மகள் எட்டாவது படிக்கிறாள். அட்டையெல்லாம் கிடையாது, என் வாய் ஒன்றே போதும். நேற்று சாயங்காலம் கணக்குப் பரீட்சைத் தாளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். கண்டுபிடித்ததும் கத்திவிட்டேன்.

"நீயெல்லாம் தேறவே மாட்ட! சர்ச்சுல என் மானத்த வாங்கத்தான் பொறந்தியா?"

அவள் அழவில்லை. "சரிம்மா" என்றாள். அந்தச் 'சரிம்மா' இன்னும் என்னை என்னவோ செய்கிறது. அப்பா வெளியிலேயே விட்டுவிட்டு வந்ததை நான் வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை, அவள் பார்க்கும்போதே என் கைப்பையில் ஒரு மஞ்சள் சீட்டைக் கட்டினேன். தாத்தாவின் அட்டைக் கதை அவளுக்குத் தெரியும்.

"தாத்தாவோட அட்டையாம்மா அது? எனக்கா?"

"இல்லடி, எனக்கு. நேத்து பேசினதுக்கு. நீதான் கழட்டணும்."

என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாயங்காலம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூல் பஸ் ஏறிவிட்டாள்.

மணி நாலாகிறது. சீட்டு இன்னும் பையில்தான் தொங்குகிறது. வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன்.