மெத்தில் ஏற்றிய சரக்கு

ஆரம்பாக்கத்து அரிசி மில்லுக்கு முதுகைக் காட்டி, தண்டவாளத்தோரமாகத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். மேஸ்திரியோடு தகராறு. ஆறாம் வகுப்பில் பள்ளியை விட்டதுபோல அந்த வேலையையும் விட்டேன். இரண்டு நாளாகச் சோறில்லை.

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. ஒரு மருந்துக் கம்பெனி வாசலில் ஐஸ் பாளம் இறக்க ஆளில்லாமல் காவல்காரர் நின்றிருந்தார். இறக்கிக் கொடுத்தேன். சோதனைச்சாலை அம்மாள் தன் டிபனில் பாதியைத் தந்து, மாலைவரை இருக்கச் சொன்னார். அவர் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பெண்.

அவர் எதன் பின்னால் அலைந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. உடம்புக்குள் ஒரு நொதி, புரதத்தின் மேல் மெத்தில் என்ற சின்னஞ்சிறு துணுக்கை ஏற்றி ஒட்டுகிறது. எப்படிப் பிடித்து ஏற்றுகிறது என்று அறிய அதன் வடிவம் தெரியவேண்டும். அதற்கு முதலில் அது படிகமாக வேண்டும். பிறகு சென்னையில் எக்ஸ்-ரே பிடிப்பார்கள். எட்டு மாதமாகப் படியவில்லை. உப்புக் கரைசலில் கலந்து ஐஸ் பெட்டியில் வைத்த ஆறு குழாய்கள்தான் மிச்சம். அன்று மாலைக்குள் ஒன்றும் ஆகாவிட்டால் அறையைக் காலி செய்யவேண்டும் என்று மானேஜர் சொல்லியிருந்தார்.

அவரிடம் தவணை கேட்கப் போகும்போது அம்மாள் என்னிடம் சொன்னார்: “பத்திரமா பார்த்துக்கோப்பா. மெத்தில் ஏத்தற சரக்கு அது. இதுக்கு மேல எங்கிட்ட இல்லை.”

எங்கள் பக்கம் மாடிக்கு மெத்தை என்று பெயர். சரக்கை மெத்தையில் ஏற்றச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். ஐஸ் பெட்டி கனம். குழாய்களை மட்டும் தூக்கிப்போய் மாடி அறையில் நிழலாக வைத்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தவர், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மாடிக்கு ஓடினார்.

“யாருப்பா இதை இங்க கொண்டுவரச் சொன்னா?” குரல் உயரவில்லை.

“நீங்கதாம்மா. மெத்தில ஏத்தற சரக்குன்னீங்களே. அதான் தூக்கினு வந்தேன்.”

ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளே பட்டுத்துணி மடிப்புபோல ஏதோ மினுங்கிப் புரண்டது. கீழே கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கற்கண்டுபோல, விளிம்பு கூராக, எண்ண முடியாத அளவு. ஐஸில் கரைந்தே கிடந்தது, சூடு ஏற ஏறப் படிந்துவிட்டது.

“எட்டு மாசமா தலைகீழாப் பண்ணிண்டு இருந்திருக்கேன்” என்று சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. மானேஜர் வந்து பார்த்தார். அறையைப் பற்றிப் பேசாமல் போனார்.

“இன்னா நைனா, மெத்த ஏறினதுக்கே இம்மாம் பேரா? நான் தெனம் பத்து தபா ஏறி எறங்கறேன்” என்றார் காவல்காரர்.

இனிச் சரக்கு நிறைய வேண்டும். அது ஆட்டுக்குட்டியின் கழுத்துச் சுரப்பியிலிருந்து எடுப்பது. இத்தனை நாள், வீட்டுக்குத் தெரியாமல் முக்காடிட்டுக்கொண்டு அம்மாளே கசாப்புக் கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பெனி சைக்கிளில் ஐஸ் டப்பாவைக் கட்டிக்கொண்டு அந்தக் கடை வாசலில் முதல் ஆளாக நான் நின்றேன்.